அண்ணனுக்குப் போட்ட மூணு

பிலாய், 12-3-1981

அன்புள்ள ரேணுகாம்பாளுக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்னுதா? பொண்ணு ஒழுங்கா சாப்பிடறாளா?

ஞாயித்துக்கிழமை இங்க தமிழ்ச் சங்கத்துல செயலாளர் தேர்தல். நின்னது மூணே பேர். எனக்கு வேலையும் தங்க இடமும் பாத்துக் குடுத்த நம்ம செங்கம் ரோட்டு அருணகிரி அண்ணனும் நின்னார். யாரு முதல்ல வேணும், யாரு அடுத்துன்னு பேருக்கு நேரா ஒண்ணு, ரெண்டு, மூணு போடணும். பொண்ணோட ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடற நான், இதை மார்க்குன்னு நெனச்சிட்டேன். அண்ணனுக்கு ஜாஸ்தியா இருக்கட்டும்னு மூணு போட்டேன். வேணாதவருக்கு ஒண்ணு.

எண்ணினப்ப யாருக்கும் பாதிக்கு மேல வரல. கடைசியா வந்தவரை எடுத்துட்டு, அவர் சீட்டுங்கள்ல ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருந்துதோ அவங்களுக்கு சேத்தாங்க. அண்ணன் ஒரே ஓட்டுல தோத்துட்டார். அப்புறம்தான் எனக்கு உறைச்சிது.

"எந்த மடையன் கவுத்தானோ"ன்னு சிரிச்சிக்கிட்டே எனக்கு சோறு போட்டார். நானும் கூட சிரிச்சேன்.

கொஞ்சம் மல்லாட்டை வறுத்து அனுப்பு, இங்க கிடைக்கற வேர்க்கடலை ருசியே இல்ல. சங்கு ஊதிட்டாங்க, டூட்டிக்கு ஓடணும். பதிலை கார்டுல எழுதாத, கவர்ல போட்டு நல்லா ஒட்டு. எனக்கு வர்ற லெட்டரை வாங்கி வச்சிக் குடுக்கறதே அண்ணன்தான்.

அப்பாசாமி