இடது காலின் மேல் விழுந்த பழி

அன்பு மகன் எல்தியாருக்கு,

உன் அம்மா துர்சுனாய் எழுதுகிறேன். நம் ஊர் கொச்கோரில் நானும் உன் அப்பாவும், உன் அக்கா மீரிம் வீட்டாரும், பசுவும் ஏழு ஆடுகளும் சுகம். கொரியாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒவ்வொரு வேளையும் ரொட்டியைப் பிய்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போன் வந்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரை அழுத்திவிடுகிறார், அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதனால்தான். பக்கத்து வீட்டு சாகினின் மகள் வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறாள். அவளிடம் இந்தக் கடிதமும் இரண்டு பை உலர்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்காதே, இந்தத் தடவை உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

இங்கே வைக்கோலெல்லாம் ஏற்றி முடித்தாயிற்று, உருளைக்கிழங்கு போன வருஷத்தை விடப் பரவாயில்லை, மலையில் பனி விழுந்துவிட்டது. உன் அப்பாதான் சரியில்லை. பக்கவாதம் வந்து எழுந்த பிறகு, வாசல் படியை நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கினால் இடது கால் தேறிவிடும் என்று டாக்டர் சொன்னாரல்லவா, வீம்பாக ஐம்பது ஏறிக்கொண்டிருந்தார். பதினேழு நாளாக ஒன்றுகூட ஏறவில்லை. கேட்டால், "ஏமாத்துற காலுக்கு எதுக்கு சேவகம்? கிடக்கட்டும் விடு" என்கிறார். அன்று வண்டி உருண்டதிலிருந்து இப்படித்தான்.

நீ பிஷ்கெக் கார்ச் சந்தையில் இரண்டு நாள் அலைந்து வாங்கிக் கொடுத்த ஜப்பான் வண்டியை நான் குறை சொல்லவில்லை. இருக்கையெல்லாம் மெத்தை மாதிரி இருக்கிறது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருப்பதும் பழகிவிட்டது. ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கிற பிரேக்கைக் கொண்டுபோய் ஓட்டுகிறவரின் இடது காலுக்கடியில் வைத்தவன், பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாளும் மலையேறியிருக்க மாட்டான். நம் பழைய மாஸ்க்விச் காரில் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கைப்பிடியாக இருந்தது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அவர் "ம்" என்பார், நான் மெதுவாக இறக்குவேன். வண்டியை நிறுத்தி அவர் இழுத்துவிட்டு இறங்குவார், அதற்கு மேல் நான் இன்னொரு இழுப்பு இழுத்து வைப்பேன். முப்பத்தொரு வருஷம் அப்படியே போனது. இந்த வண்டியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, நடுவில் கையை விட்டால் சூரியகாந்தி விதை வைக்கிற தட்டுதான் தட்டுப்படுகிறது. அது மட்டுமா, கையால் இழுப்பதை எத்தனை தடவை இழுத்தாலும் பிடிப்பு கூடத்தான் செய்யும். இந்தக் கால் பிரேக்கோ ஒரு தடவை மிதித்தால் பிடிக்கும், இன்னொரு தடவை மிதித்தால் விட்டுவிடும்.

அன்று வைக்கோல் வாங்க மேட்டுத் தெருவுக்குப் போனோம். வைக்கோல் முற்றத்தின் மரக்கதவு சாத்தியிருந்தது. ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, உன் அப்பா இடது முழங்காலைக் கையால் தூக்கிப் பெடல் மேல் வைத்து அழுத்தினார். எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறக்க இறங்கிப் போனார். பிரேக் பிடித்திருப்பதைக் காட்டுகிற விளக்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் மனசு கேட்கவில்லை. அந்தக் காலுக்கு அவ்வளவு பலம் ஏது என்று நினைத்தேன். கீழே கால் வைக்கிற இடத்தில் நடுவே தடுப்பில்லையே, என் வலது காலை நீட்டி அதே பெடலைப் பலங்கொண்ட மட்டும் மிதித்தேன். விளக்கு அணைந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது.

மறுபடி மிதித்திருந்தால் நின்றிருக்கும், தோன்றவில்லையடா. கை தானாக நடுவில் போய் விதைத் தட்டைத் தட்டிவிட்டது. நான் உள்ளே கத்துகிறேன், உன் அப்பா அந்தக் காலை இழுத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடி வந்தார், இரண்டு தடவை விழுந்தார். வண்டி வாய்க்காலில் இறங்கி பாப்ளர் மரத்தில் சாய்ந்து நின்றது. பின்கண்ணாடி போனதும் என் மணிக்கட்டு வீங்கியதும் உனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "என் காலுதான் கிழவி, சரியா மிதிக்கல, உன்னைக் கொல்லப் பாத்துட்டேன்." நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. சாகின் வந்து, "வண்டி செஞ்சவன் பிரேக்கைக் காலுக்குக் குடுத்துட்டான், கை என்ன செய்யும், விதை உரிச்சுத் திங்கவா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மீரிம் அழுதுகொண்டே என் மணிக்கட்டுக்குத் துணி சுற்றினாள். ஒளிக்காமல் சொல்கிறேன், எல்லோரும் என்னைத் தாங்கியது எனக்கு இதமாக இருந்தது. ராத்திரி சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் நீ போனில், "அப்பா, இனி ஸ்டீயரிங் பக்கமே போகாதீங்க, சாவியை அக்காகிட்ட குடுத்துடுங்க" என்றாய். அவர் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி, சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிப் போனது. வண்டியை உருட்டியது நான்தான் எல்தியார், உன் அப்பாவின் கால் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

இதுவரை நேற்று எழுதியது. உனக்குச் சொல்லிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு துரோகம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணத்தை வீசுவார் என்று பயந்தேன், வீசவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, "விளக்கு எரிஞ்சுதா? நெசமா பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் குனிந்து இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதனிடமே, "அப்ப நீ மிதிச்சிருக்கடா, மிதிச்சிருக்க" என்றார். கண்ணீர் சொட்டு சொட்டாக முழங்கால் மேலேயே விழுந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பதினேழு நாளா இதைத் திட்டித் தீர்த்தேனே கிழவி" என்று சொல்லி எழுந்து வெளியே போனார். பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் இதை எழுதும்போது வாசல் படியில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்கிறது, இருபத்தாறு வரை நானும் எண்ணினேன்.

நீ நீண்ட ஆயுளோடும், கை நிறைய வேலையோடும், நல்லவர்கள் சூழவும் வாழ வேண்டும், உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், ஆமீன். குளிருக்குக் காதை மூடாமல் வெளியே போகாதே. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி மீரிமிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் மறுபடி ஓட்டலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேண்டாம். என்னை மன்னிக்கச் சொல்லி அவரிடம் எனக்காகப் பரிந்து பேசாதே, அது என் பாடு. நீ சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேள், ஸ்பீக்கரிலேயே கேள், தெருவுக்கே கேட்கட்டும்.

உன் அம்மா,
துர்சுனாய்