நேற்றைய கோடு

ரூபியின் கம்பளிக் காலுறையைத் தேடி இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. வெயிலில் காய்ந்த கம்பளியும் செம்மண்ணும் கலந்த வாசனை. என் கல்யாணப் புடவைக்குக் கீழே, அன்று நீ கொடுத்த மஞ்சள் கம்பளிப் பூப்பந்து கிடந்தது. "சாமி, இந்தப் பக்கம் தட்டு" என்று நீ பின்னாலிருந்து கூப்பிட்டது போலிருந்தது. திரும்பியும் பார்த்துவிட்டேன்.

உனக்கு எழுத இத்தனை நாளாகிவிட்டது. நீ போய்விட்டாய் என்று உன் தம்பியின் தந்தி வந்தபோது ரூபி காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். நாமக்கல்லிலிருந்து மோகனூர் என்ன பெரிய தூரம்? வண்டி கட்டினால் ஒரு பொழுதுக்குள் வந்துவிடலாம். வர முடியவில்லை. உன்னைக் காவிரிக் கரையோரம் மண்ணில் வைத்த நேரத்தில் நான் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டது. ஆனால் போகிற போக்கில் அவள் இடதுகாலின் தெம்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு வயதுக் குழந்தை, ஓடித் திரிந்தவள், சுவரைப் பிடித்து நின்றாள்.

"நடப்பாளா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நடந்தால்தான் நடப்பாள். நீங்கள் பயந்துகொண்டு தூக்கி வைத்தால் கால் சூம்பிவிடும்" என்றார் டாக்டரம்மா.

நான் எப்படிப் பயப்படுவேன் என்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சேலத்துப் போர்டிங்கில் உன் பக்கத்துப் பாயில் படுத்தவள் நான். சாயங்காலம் தவறவிட்ட பந்தை ராத்திரி முழுவதும் மனதுக்குள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பேன். நீ போர்வைக்குள்ளிருந்தே, "ஜெபத்துல சொல்லிப்போட்டியல்ல? அப்பறம் எதுக்கு அதைக் கூடவே படுக்க வெச்சுக்கறே?" என்பாய். அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவாய். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நீ மைதானத்தில் கோடு போடுகிற விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் கோடு போட்டால், முந்தின நாள் சுண்ணாம்புத் தடத்தின் மேலேயே இன்னொரு தரம் இழுத்துவிட்டுப் போவார்கள். நீ மட்டும் விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துப் பழைய கோட்டையெல்லாம் சுத்தமாகப் பெருக்கித் தள்ளுவாய். பிறகு கயிறு பிடித்துப் புதிதாக அளப்பாய். கயிற்றின் மறுமுனை எப்போதும் என் கையில்.

"ஏண்டி, இருக்கிற கோட்டு மேலேயே இழுத்தா என்ன?" என்று டிரில் டீச்சர் கேட்டதற்கு, "நேத்து ஆடுனது நேத்தைக்கே முடிஞ்சுபோச்சுங்க டீச்சர். இன்னிக்கு எங்க காலுக்குப் புதுத் தரை வேணுமுங்க" என்றாய். டீச்சருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எனக்குக் கை வலிதான். "உன்ற பக்தியில என் கை போகுது" என்று உன் பேச்சிலேயே உன்னைக் கிண்டல் செய்தேன். "கயிறை இழுத்துப் புடி சாமி" என்றாய். மனுஷரைச் சாமி என்று கூப்பிடக் கூடாது என்று வார்டன் அம்மா எத்தனை தரம் கண்டித்தும் அந்தச் சொல் உன் வாயை விட்டுப் போகவே இல்லை. ஒருநாள் அவரிடமே "இனிமே சொல்லலைங்க சாமி" என்றுவிட்டு ஓடி வந்தாய்.

ஆட்டத்துக்கு முன் நீ ஜெபம் செய்வாய். ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "வலைக்கு அக்கட்டால நிக்கற புள்ளைகளும் அவரு புள்ளைகதானே? அவரை ஏன் சங்கடத்துல மாட்டி வெக்கோணும்?" என்றாய். இன்றைக்கு வேண்டிய மூச்சு, இன்றைக்கு வேண்டிய பொறுமை, அவ்வளவுதான் உன் விண்ணப்பம். எனக்கு அது போதவில்லை. எனக்கு உத்தரவாதம் வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்தப் பந்துக் கூத்து நடந்தது. பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில், கடைசிக்கு முந்தின ஆட்டத்தை நீயும் நானும் ஜெயித்தோம். நான் அடித்ததெல்லாம் விழுந்தது. அந்தப் பந்தில் ஏதோ ஆசீர்வாதம் இறங்கியிருக்கிறது என்று நம்பி, யாருக்கும் சொல்லாமல் பைபிள் சுற்றும் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தேன். அப்போது அடைமழை. இறுதி ஆட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தினமும் பெட்டியைத் தொட்டு ஜெபம் செய்தேனே தவிர, ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் விசுவாசம் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

ஆட்டத்தன்று நடுவர் பந்து கேட்டார். நான் பெருமையாகப் போய் என் பந்தை நீட்டினேன். நீ முதல் அடி அடித்தாய். பந்து வலைக்கு மேலே போகும்போதே பிரிந்தது. பூச்சி அரித்த கம்பளி இழை இழையாகக் காற்றில் மிதந்து, எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் தலையில் மஞ்சள் நூலாக இறங்கியது. மைதானமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து நூலைப் பொறுக்கினாய். அதற்குள் நெளிந்த வெள்ளைப் புழுவைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்புள்ள, ஞாயித்துக்கிழமைப் பாடத்துல, வானத்துல இருந்து அன்னன்னைக்கு விழுந்த மன்னா அப்பத்தை நாளைக்குன்னு சேத்து வெச்சவங்களுக்கு அது புழுத்துப்போச்சுன்னு படிச்சோமே. நீயும் அதையேதானா பண்ணிவெச்சே?"

"சிரிக்காதே. நாம தோத்துடுவோம்."

"தோத்தா தோத்துட்டுப் போறோம். இப்ப வர்ற பந்தைப் பாரு."

எதிர்ப்பள்ளியின் புதுப் பந்து கொஞ்சம் கனம். நான் தடுமாறினேன். நீ இரண்டு பேர் ஓட்டத்தையும் ஓடினாய். தோற்றோம். மறுநாள் விடியற்காலை என் போர்வை இழுபட்டது. கயிற்று முனையோடு நீ நின்றாய். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இனி யாருக்காகக் கோடு என்று கேட்டேன். "நமக்குத்தான்" என்றாய். அன்று நீயும் நானும் மட்டும் வெயில் ஏறும்வரை ஆடினோம். அன்றுபோல் நான் என்றுமே ஆடியதில்லை.

நான் காலேஜுக்குப் போனேன். நீ டீச்சர் டிரெயினிங் முடித்து உன் ஊர்ப் பள்ளிக்கே வேலைக்குப் போனாய். என் கல்யாணத்துக்கு இந்தப் பந்தைக் கொடுத்து, "சேத்து வெக்காதே, ஆடு" என்றாய். நான் சேர்த்துத்தான் வைத்தேன். இந்த முறை அந்துருண்டை போட்டு.

இப்போது ரூபியின் கதைக்கு வருகிறேன். காய்ச்சலுக்குப் பிறகு அவள் மறுபடி நடக்கத் தொடங்கியதிலிருந்து வாசல் தரையில் தினமும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வந்தேன். அன்றைக்கு அவள் எதுவரை வந்தாளோ அதுவரை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் படிப்பு சொன்ன வழி. நேற்று முன்தினம் துளசிச் செடிவரை வந்துவிட்டாள். நான் கைதட்டி, அழுத்தமாகக் கோடு கிழித்தேன். நேற்று பாதி தூரத்தில் கால் மடங்கிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினால் கத்துகிறாள். அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏன் அம்மிணி, புள்ளையைப் போட்டு இப்படி வாட்டறே? தூக்கி இடுப்புல வெச்சுக்கக் கூடாதா?" என்றார். தூக்கிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தும் தூக்கிவிட்டேன். இன்று காலை கீழே இறக்கினால், என் புடவையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்க்கிறாள்.

"வா கண்ணு, நடக்கலாம்."

"கோடு தூரமா இருக்கும்மா."

அதற்குப் பிறகுதான் காலுறை தேடும் சாக்கில் உள்ளே வந்தேன். அழுவதற்கு வந்தேன் என்பதே நிஜம். அப்போதுதான் பெட்டிக்குள் உன் பந்து.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையின் ஒரு நல்ல நாளைப் பிடித்துத் தரையில் கட்டி வைத்திருக்கிறேன். அது அவளையே பயமுறுத்துகிறது. பந்து பத்திரம்தான்; நான் சேர்த்து வைத்த அந்த நாளுக்குள் மறுபடியும் புழு.

வெளியே வந்து விளக்குமாற்றை எடுத்தேன். தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். துளசிச் செடி வரைக்கும் ஒரு கரிக்கோடுகூட இல்லாமல் போயிற்று. ரூபி வாசற்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"அம்மா, கோடு எங்கே?"

"அது நேத்தைய கோடு. போயிடுச்சு."

"இன்னிக்குக் கோடு?"

"இன்னும் போடலை சாமி."

உன் சொல் என் வாயில் வந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, இன்றைக்கு வேண்டிய மூச்சை மட்டும் கேட்டேன். பிறகு மஞ்சள் பந்தை ஈரத் தரையில் மெல்ல உருட்டிவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள்.

பயம் எனக்குப் போய்விடவில்லை. நாளைக்கும் வரும். நாளைக்கும் பெருக்குவேன். இன்று அவள் எதுவரை நடந்தாள் என்று மட்டும் உனக்கு எழுதமாட்டேன்; எழுதினால் அதுவும் ஒரு கோடாகிவிடும்.