தண்ணீர் ஊற்றாத தார்ப்பாய்

நங்கையா,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியின் பேரன் பிரகாஷ் நம் தார்ப்பாய்க் கடையை பைபாஸ் ரோட்டுக்கே கொண்டுபோய்விட்டான். கண்ணாடிக் கதவு, மேலே விளக்கெரியும் பலகை. அவன் தங்கை கால்நடை டாக்டருக்குப் படித்து முடித்துக் கோழிப் பண்ணைகளைச் சுற்றி வருகிறாள். மீசை நரைத்த பண்ணைக்காரர்கள் அவளை மேடம் என்கிறார்கள். சின்னவன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஐந்தாவதோடு நின்றுபோன என்னையும் விட்டுவைக்கவில்லை. நாமக்கல்லில் ஒரு கல்லூரி மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

சொல்லிவிட்டேன். இனி எழுத வந்ததை எழுத வேண்டும். கடை வாசலில் ஒரு தார்ப்பாய் சுருண்டு கிடக்கிறது. அதிலிருந்து நனைந்த ஜவ்வரிசி புளித்த வாடை வருகிறது. நம் கடையில் செய்த பாய்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது.

நான் வாழ வந்தபோது, என் வீட்டுக்காரரின் அக்காவான நீங்கள்தான் அந்த வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தீர்கள். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு பெரிய தையல் மிஷின், பின்பக்கம் நான்கு கம்பங்கள். தைத்து முடித்த பாயை அந்தக் கம்பங்களில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டுவோம். நான் முக்காலி மேல் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். நீங்கள் பாய்க்கு அடியில் சம்மணம் போட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சொட்டு விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு இறக்கி, திரும்பவும் தையல்.

பாய் வாங்க வந்த ஒரு டிரைவர் உங்களைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?

"ஏனுங்க்கா, பாயி கேட்டு வந்தா நீங்க குளிச்சுட்டு இருக்கறீங்க?"

"உன்ற ஊட்டுக்காரி கல்யாணத்தன்னிக்கு உனக்கு ஊத்துன தண்ணிக்கு அப்பறம் நீ குளிச்சிருக்கறயா? போயி டீயக் குடிச்சுட்டு வா சாமி, தாரேன்."

எனக்குத் தோள் வலிக்கும். "இன்னைக்கு ஒரு நாளைக்கு உட்டுட்டா என்னங்க நங்கையா?" என்பேன். "ஊத்து புள்ளே. தண்ணி உன்ற மேலயா உழுவுது?" என்பீர்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால், பல லாரிகள் வைத்திருந்த ஒருவர் லோடு ஏற்றி நிறுத்திவிட்டுப் பாய்க்காக வந்து நின்றார். மழை கூடிக்கொண்டிருந்தது. ஊற்றிப் பார்க்காமல் தர மாட்டேன் என்றீர்கள். "என்ற லோடு, நான் பாத்துக்கறன். உனக்கென்னம்மா?" என்று கத்தினார். நீங்கள் கம்பத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தீர்கள். அவர் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அந்தப் பண்டிகைக்கு எடுப்பதாக இருந்த சேலை போயிற்றே என்று நான் பல நாள் உங்களைக் குத்திக் காட்டினேன். "இந்தப் பிடிவாதத்த வெச்சுக்கிட்டு யாவாரம் பண்ண முடியுமுங்களா?" என்றதற்கு, "முடியாட்டிப் போகுது" என்றீர்கள். அதற்கு மேல் நீங்கள் விளக்கம் சொன்னதில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, சூட்டிலேயே ஒட்டுகிற மிஷின் வந்தது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை. "தச்சாத்தான ஆத்தா ஒழுகும்? இது ஒட்டறது. இதுக்குப் போயி கொடத்தைத் தூக்கிட்டு நிக்கோணுமா?" என்று பிரகாஷ் கேட்டான். புதுக் கடையில் கம்பம் நடவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. பாய்களும் ஒழுகாமல்தான் இருந்தன.

அந்தக் கல்லூரியில் ஒரு பெண் மைக்கை நீட்டி, "சொந்தத் தொழில்ல ஜெயிக்க என்ன குணம் வேணும் பாட்டி?" என்றாள். துணிச்சல், உழைப்பு, நேரம் தவறாமை என்று பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படியே ஒப்பித்தேன். கை தட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. நீங்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்கும் எங்க கடையில தண்ணி ஊத்திப் பாக்காம ஒரு பாயி வெளிய போகாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அரங்கமே எழுந்து தட்டியது. அதைப் படம் பிடித்தார்கள். பிரகாஷ் அதைக் கடைப் பெயரோடு போனில் போட்டான். ஊரே பார்த்தது. நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

போன வாரம் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். சொந்த லாரி, இருப்பது அது ஒன்றுதான். ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும் வழியில் மழை. நடுவில் இருந்த மூட்டைகள் நனைந்துவிட்டன. பாய் கட்டத் தெரியாத ஆளுக்கு இனி லோடு கிடையாது என்று ஜவ்வரிசி மில்லில் சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க பேசுனதைப் பாத்துட்டுத்தான் ஆயா இங்க வந்து வாங்குனேன்" என்றார்.

பிரகாஷ் குறுக்கே வந்தான். "அண்ணா, மிஷின்ல ஒட்டுனது ஒழுகாதுங்க. நீங்க கயித்த இறுக்கிக் கிழிச்சிருப்பீங்க."

"சரி தம்பி, என் தப்புன்னே வெச்சுக்க. ஆயா, நீங்க சொல்லுங்க. இந்தப் பாய்க்குத் தண்ணி ஊத்திப் பாத்தீங்களா? பாத்தேன்னா, நான் பேசாம போயிடறேன். பாக்கலைன்னா மில்லுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுல என் பொழப்பு ஓடும்."

நான் பிரகாஷின் முகத்தைப் பார்த்தேன். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். "விசாரிச்சுச் சொல்றமுங்க" என்றேன். யாரை விசாரிப்பது, நங்கையா? அவர் பாயை வாசலில் போட்டுவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் வேலை ஆட்களைக் கூப்பிட்டு, அந்தப் பாயை வேப்பமரத்துக்கும் நின்றிருந்த லாரிக்கும் இழுத்துக் கட்டச் சொன்னேன். முழங்கால் மடங்காததால் ஒரு ஸ்டூல் போட்டு அடியில் உட்கார்ந்தேன். மேலே பைப்பால் தண்ணீர் விட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்போது என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? ஒழுகாமல் இருக்கட்டும், தப்பு அந்த மனுசனுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. வேண்டி முடிப்பதற்குள் நெற்றியில் சொட்டியது. அப்புறம் நிற்கவில்லை. மிஷின் ஓடும்போது கரண்ட் போய் வந்திருக்கிறது. இரண்டு துணி சேரும் நடு மூட்டில் நாலு விரல் நீளம் ஒட்டவே இல்லை. கயிறு அந்தப் பக்கமே போகாது. பிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மில்லுக்கு நானே போன் செய்தேன். "கட்டுனது தப்பில்லீங்க. பாயிதான் தப்புங்க. நாங்க ஊத்திப் பாக்கலீங்க." அவரை வரச் சொல்லுங்கள் என்றார்கள். சாயங்காலம் டிரைவர் கூப்பிட்டு, லோடு கிடைத்துவிட்டது என்றார். "உங்களை மாதிரி நேர்மையான ஆளுங்க இப்ப எங்க ஆயா இருக்காங்க?" என்று வேறு சொன்னார். போனைக் கீழே வைத்த பிறகும் கூசிக்கொண்டிருந்தது.

நீங்கள் விட்டுப்போன கடை வளர்ந்திருக்கிறது. உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தக் கூச்சம் ஒன்றுதான். அதுவும் ஒரு நாள் தாமதமாகத்தான் வருகிறது.

பாய்க்கு அடியில் நான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை வேலை ஆள் ஒருவன் விளையாட்டாகப் படம் எடுத்து வைத்திருந்தான். முடி ஒட்டிப்போய், வாய் கோணிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. அதை வாங்கிப் பிரகாஷிடம் காட்டினேன்.

"போன்ல இருக்கற அந்தப் பேச்சை எடுத்துட்டு இந்தப் படத்தைப் போடு சாமி. ஊத்திப் பாக்காம வித்தோம், ஒழுகுச்சுன்னு கீழ எழுது. இதுக்கு முன்னால வாங்குனவங்க எல்லாம் பாயை எடுத்துட்டு வரட்டும்."

"இதைப் போட்டா நம்மகிட்ட யாரு ஆத்தா வாங்குவாங்க?"

"எனக்குத் தெரியலை சாமி. போடு."