மூக்கன் தூக்கி வந்த படம்

சரோஜினி நகர்,
புது தில்லி,
14-10-81.

அன்புள்ள ஜம்பு,

உன் கடிதம் வந்து மேஜையில் கிடக்கிறது. பதில் இல்லையே என்று கோபித்துக்கொண்டு இன்னொன்று எழுதாதே, இதுதான் பதில். உன் வீட்டில் எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கிறது. குவைத்திலிருந்து நீ அனுப்பிய மிக்ஸியில் உன் அம்மா இட்லி மாவு முழுவதையும் ஒரேயடியாகப் போட்டு அரைத்து மோட்டாரைப் புகைய விட்டார். நான் போய்ச் சரிசெய்தேன். இனி தேங்காய்ச் சட்னியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டார்.

நம் ரேடியோ கழகத்துச் சாமான்கள் பத்திரமா என்று கேட்டிருந்தாய். நீ செய்த டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், மீட்டர்கள், எல்லாம் மழையிலிருந்து தப்பிவிட்டன. மழைக்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, உன் அப்பாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும், கடைசி வரை படி.

பள்ளி நிர்வாகக் கமிட்டிக்கு உன் அப்பா செயலாளர் ஆனதிலிருந்து விழாக்கள் பெருகிவிட்டன. இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஒரு புது யோசனை செய்தார். பாட்டுக் கழகம், நாடகக் கழகம், நம் கழகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பூஜை, மேடைக்கு அடியில் சாமான்கள் இருக்கும் பேஸ்மென்ட் அறையிலேயே. அங்கே தரை ஊறும் என்றுதானே நாம் அலமாரியின் மேல்தட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தோம்? அத்தனையையும் இறக்கித் தரையில் ஜமக்காளம் விரித்துப் பரப்பிவிட்டார்கள். பெஞ்சு போட்டு அதன்மேல் வையுங்கள் என்றேன். ஹாலில் எப்போதும் மாட்டியிருக்கும் பெரிய சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்து மணையில் சாய்த்து வைத்திருந்தார்கள். "சுவாமி கீழே, உன் டப்பா மேலேயா? நன்னாருக்குடா" என்றார் உன் அப்பா. உன் டிரான்ஸ்மிட்டருக்குச் சந்தனம், குங்குமம், காற்றோட்டத் துவாரங்களில் செவ்வந்திப்பூ. பூஜை முடிந்ததும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி பூஜை செய்து எடுக்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தில்லியில் அக்டோபரில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பள்ளி வாசலில் ஆசியாட் விளையாட்டு விழா வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மண் மொத்தமும் சாக்கடை வாயில். தண்ணீர் பேஸ்மென்டுக்குள்தான் இறங்கும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அப்பா பஞ்சகச்சத்தோடு ஊஞ்சலில் இருந்தார். உன் அம்மா கையில் சுண்டலைத் திணித்தார். நான் நனைந்து சொட்டிக்கொண்டு, சாவி கொடுங்கள் மாமா என்றேன்.

"நாளைக் கார்த்தால புனர்பூஜை ஆகாம எப்படிடா திறக்கறது? தில்லி மழை, அரை மணியில விட்டுடும்."

விடாது மாமா, தரையில் இருக்கிறது எல்லாம் என்றேன்.

"வித்யைக்கு அதிதேவதையே அங்க உட்கார்ந்திருக்கா. அவ பார்த்துக்க மாட்டாளா? நீ பொறந்ததிலேர்ந்து அவசரம்டா நல்லசிவம். சுண்டலைச் சாப்பிடு."

சாப்பிடவில்லை. நேரே பள்ளிக்குப் போனேன். விடுமுறை நாளில் அங்கே யார் இருப்பார்கள்? மூக்கன் பையாதான், பள்ளியில் எல்லோருக்கும் பையா, அதாவது அண்ணன். உனக்கு நினைவிருக்கும், பெருக்குவது, கக்கூஸ் கழுவுவது, மணியடிப்பது, லீவு நாளில் காவல், எல்லாம் அவர்தான், இத்தனை வருஷமும் தற்காலிகம். ஆசியாட் வருவதற்குள் ஜுக்கிக் குடிசைகளை இடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று அவர் குடியிருக்கும் மதராசி கேம்ப்பில் தினமும் ஒரு புரளி. இந்தத் தீபாவளிக்குள் வேலையை நிரந்தரமாக்கி, பள்ளிக்குப் பின்னாலிருக்கும் அறையைக் குடியிருக்கத் தருவதாகக் கமிட்டி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அவர் அந்த அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நான் போனபோது பேஸ்மென்ட் படிகளில் தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கன் பையா பீடியோடு வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உங்க கீய்ங்கீய்ங் பொட்டி இன்னிக்குக் குளிக்கப் போவுது. ஊருக்கெல்லாம் அதுலயே சொல்லிடுங்க."

கடப்பாரை எங்கே என்றேன். கொடுத்தார். பேஸ்மென்ட் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நான்தான் பூட்டை உடைத்தேன். அவர் படிக்கு மேலேயே நின்றுவிட்டார். "பூசை ரூம்பு தம்பி. நான் உள்ள வரக்கூடாது. பெரியவரு வைவாரு." டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கனம் உனக்குத் தெரியும், நீதானே அத்தனை பெரிதாகச் சுற்றினாய். தனியாளால் தூக்க முடியாது. தத்துவமெல்லாம் அப்புறம் பையா, ஜல்தி வந்து அந்தப் பக்கம் பிடியுங்கள் என்று கத்தினேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால் கழுவ ஒரு பக்கெட்டைத் தேடினார். கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கப் போகிற மனிதர்! நான் திட்டினேன். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

பெட்டியின் ஒரு முனை நான், மறுமுனை அவர். நம் சாமான்கள், பாட்டுக் கழகத்தின் வீணை, மிருதங்கம், நாடகக் கழகத்தின் டிரங்குப்பெட்டி என்று ஒவ்வொன்றாக மாடி வகுப்பறையில் பெஞ்சுகளின்மேல் ஏற்றினோம். நடுவில் ஒரு முறை, எங்கள் கேம்ப் நாலாச் சாக்கடையும் ரொம்பியிருக்கும், வீட்டில் பெண்டாட்டி குஞ்சம்மா தனியாக என்ன பண்ணுதோ என்றார். இன்னும் இரண்டு நடைதான் என்றேன். முடிந்தது என்று நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஆத்தாள அங்கேயே வுட்டுட்டமே தம்பி?"

எனக்குப் படம் தோன்றவே இல்லை, ஜம்பு. அதில் ஒயரும் இல்லை, வால்வும் இல்லை. போனால் போகிறது, கண்ணாடி போட்ட காகிதம்தானே என்றேன். அவர் அதற்குள் இறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தலையில் மடித்த கோணிச்சாக்கு, அதன்மேல் படம், இரண்டு கையும் உயரே. மணை மிதக்க ஆரம்பித்திருந்ததாம், படம் சரிந்து தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் பிடித்துவிட்டாராம். வாத்தியார் நாற்காலியில் அதைச் சாய்த்துத் தன் துண்டால் துடைத்தார். "எங்க ஊட்டுப் பக்கந்தான் எட்டிப் பாக்கல. பள்ளிக்கூடத்துலயாவது சொகமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே கேம்ப்புக்கு ஓடினார்.

காலையில் கமிட்டி வந்தது. பேஸ்மென்டில் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்து முகம் செத்துப்போய் மாடிக்கு வந்தார்கள். எல்லாம் காய்ந்து வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் உன் அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கியிருந்தது. நான் அப்போது டிரான்ஸ்மிட்டரின் மூடியைக் கழற்றி, ஈரம் போவதற்காக ஓடவிட்டிருந்தேன். பிறகு அவர் நாற்காலியைப் பார்த்தார். "படத்தையும் நீயே எடுத்துண்டு வந்தியாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் விளக்குமாற்றோடு நின்ற மூக்கன் பையா முந்திக்கொண்டார். "நான்தாங்க சாமி. தலைமேல வச்சுக் கொண்டாந்தேன். ஒரு சொட்டு படல." சிரித்துக்கொண்டு சொன்னார். பாராட்டுவார்கள் என்று நினைத்துவிட்டார்.

உன் அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "நீ கீழ போ" என்று மட்டும் சொன்னார். சாஸ்திரிகளைக் கூட்டிவரச் சொன்னார். அவர் மந்திரம் சொல்லி மாவிலையால் எல்லாவற்றின்மேலும் தண்ணீர் தெளித்தார். சூடாக எரிந்துகொண்டிருந்த வால்வின்மேல் விழுந்தது. வால்வின் கண்ணாடி டக்கென்று விரிசல் விட்டது. ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை செய்யாததை ஒரு மாவிலை செய்துவிட்டது. அந்த வால்வு இனி எங்கே கிடைக்கும்? லஜ்பத் ராய் மார்க்கெட் முழுக்கத் தேடியாகிவிட்டது. ஆனால் நான் அதற்காக எழுதவில்லை. வால்வு போனால் நீ அங்கிருந்து வாங்கி வரலாம்.

சாமான்களுக்குத் தீர்த்தம் போதுமாம். படத்துக்கு அது போதாதாம். வீணையும் டிரான்ஸ்மிட்டரும் விலை அதிகம், படம் கரோல் பாக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அன்று சாயங்காலமே படத்தை ஒரு வேஷ்டியில் சுற்றி டாக்சியில் கொண்டுபோய் யமுனையில் விட்டுவிட்டார்கள். தண்ணீரிலிருந்து எடுத்ததைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வந்து உன் அப்பா தலை முழுகினார்.

மூக்கன் பையாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பூட்டை உடைத்தாராம், அதுதான் குற்றம். உடைத்தது நான், கடப்பாரை பிடித்த கொப்புளம் இதோ கையில் இருக்கிறது என்று கமிட்டியில் போய்க் காட்டினேன். "நீ நம்ம பையன். குளிச்சுட்டு, நல்ல எண்ணத்தோட செஞ்சே. அவனுக்கு இடம் தெரிய வேண்டாமா?" என்றார் உன் அப்பா. மழையில் இரண்டு பேரும் ஒரே தண்ணீரில்தான் குளித்தோம் என்றேன். அதிகப்பிரசங்கி என்றார். ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் கழகத்துச் சாமான்களைக் காப்பாற்றியதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பூட்டை உடைத்தவனுக்குப் பொன்னாடை! அதை நாற்காலியிலேயே எறிந்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் உன் அம்மா அதை மடித்துப் பொட்டலம் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். யார் கையில் தெரியுமா? குஞ்சம்மாள் கையில். ஆமாம், மூக்கன் பையாவின் மனைவியை உன் வீட்டில் நிறுத்தவில்லை. பின்வாசல் வழியாக வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறார். அவர் தேய்த்த தட்டில்தான் உன் அப்பா சாப்பிடுகிறார். அதற்கு யாரும் மாவிலை தேடவில்லை.

குஞ்சம்மாள் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "நல்லா இருக்குது தம்பி, பட்டா?" என்று கேட்டார். அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தேவலை.

நேற்று கேம்ப்புக்குப் போனேன். ஜுக்கிக்குள் இன்னும் சேறு. மூக்கன் பையா இப்போது ஆசியாட் வேலையில் மண் சுமக்கிறார். முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் பின்னாலிருக்கும் அறையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. வேறொன்று கேட்டார். "தம்பி, ஆத்தா படத்துல கண்ணாடிக்குள்ளாற ஓரத்துல லேசா ஈரம் தெரிஞ்சுது. பூஞ்சக்காளான் புடிச்சுரும். வெயில்ல வச்சாங்களா?"

எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று என்னை நீ கேலி செய்வாய். வைத்தார்கள் பையா, காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

ஜம்பு, நீ உன் அப்பாவுக்கு எழுது. நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். சாஸ்திரத்தைப் பற்றி வாதம் செய்யாதே, அதில் அவர் ஜெயித்துவிடுவார். டிரான்ஸ்மிட்டர் என்னுடையது, அதைக் காப்பாற்றியவருக்கு நான் கடன்பட்டவன், வேலையையும் அறையையும் கொடுங்கள் என்று மட்டும் எழுது. குவைத்திலிருக்கும் பிள்ளை சொன்னால் கொடுப்பார். அவர் கெட்டவர் இல்லை என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும், என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினவர்தானே. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

ஆனால் ஒன்று. வேலை திரும்பக் கிடைத்தால் மூக்கன் பையா முதல் நாளே ஹாலைப் பெருக்கத்தான் போவார். அங்கே புதுப் படம் மாட்டியாகிவிட்டது. பழையதில் மயில் வலது பக்கம் நிற்கும், இதில் இடது பக்கம். அவர் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு என்னிடம் வருவார். அப்போது நான் என்ன சொல்வது? நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் அதையும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். நீயாவது நன்றாக இரு.

உன்,
நல்லசிவம்.