கோப்பை மூடுக

மார்ச் 3

என் அருமைத் திருகாணிக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பவே மாட்டாள். எனக்கே பாதி நம்பிக்கைதான். ஆனாலும் அடித்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

எங்கள் தொழில் மற்றும் புத்தாக்கத் துறையின் ஆண்டுத் திட்டக் கூட்டம் நேற்று நடந்தது. நேற்று என்றா சொன்னேன்? பதினோரு நாள் நடந்தது. இயக்குநர் 'தொலைநோக்கு' என்ற சொல்லை நாலாயிரத்து முந்நூறு முறை சொன்னார். கணக்கு அதிகாரிக்கு உட்கார்ந்த இடத்திலேயே தாடி முளைத்து மேசையைத் தொட்டது. அவர் ஒரு பெண்மணி என்பதையும் நீ கவனிக்க வேண்டும்.

ஏழாம் நாள், கழுகளவு ஈ ஒன்று என் தேநீரைக் குறிவைத்து இறங்கியது. இயக்குநர் பேசும்போது வாய் திறந்தால் தலை போய்விடும். ஒரு துண்டுச்சீட்டில் முன்னும் பின்னும் கட்டளை எழுதி, உதவியாளரிடம் நீட்டினேன். அவர் ஓய்வுபெற ஆறு மாதம் பாக்கி. அவருடைய கண் ஓய்வுபெற்று ஆறு வருடம். சீட்டை வாங்கினார், தலையாட்டினார், என் முன்னாலிருந்த கோப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஈ நிதானமாகக் குடித்து ஏப்பம் விட்டது.

நீ கவலைப்படாதே. உன் சக்கர நாற்காலிப் பூட்டுக்கு நானே பரிந்துரை எழுதி, உன் கோப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். திட்டத்தில் பெயர் ஏறினால் சோதனைக்கூடக் கதவு உனக்குத் திறந்த மாதிரிதான். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மேசையின் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமா,

இன்று காலை துறையிலிருந்து உறை வந்தது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான்தான் பிரித்தேன். 'தங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.' காரணம் என்று ஒரு சீட்டின் நகல். அதில் இரண்டே வார்த்தை: 'கோப்பை மூடுக.'

கையெழுத்து உங்களுடையது. 'மூ'வுக்குத் தும்பிக்கை மாதிரி வால் போடுகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தானே?

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். "என் தம்பியா? அவன் பொய் சொல்வான்டி, கெடுதல் பண்ண மாட்டான்" என்றாள். அப்புறம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போன மழையில் சரிவுப்பாதையில் அவள் சக்கர நாற்காலியோடு பின்னோக்கி உருண்டு விழுந்ததால்தானே நான் அந்தப் பூட்டையே செய்தேன்? சோதனைச் சான்று இல்லாமல் எந்த மருத்துவமனையும் அதைத் தொடாது. அடுத்த திட்டம் அடுத்த வருடம். அதுவரை பட்டறை தாங்காது மாமா.

பிடிக்கவில்லை என்றால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். இதற்கும் ஒரு கதை எழுதாதீர்கள். நான் நம்பமாட்டேன்.

உங்கள் மருமகள்
(திருகாணி என்று கூப்பிட வேண்டாம்)

மார்ச் 15

மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு மூர்ச்சையாகி ஏழு மாடி உருண்டேன் என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. இல்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். உதவியாளர், "சார், உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அன்றைக்கு வாங்கிய துண்டுச்சீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

அந்தச் சீட்டு கோப்புக்கு எழுதியதல்ல, தேநீர்க் கோப்பைக்கு. 'கோப்பையை' என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு 'யை'யை விழுங்கிவிட்டேன். உதவியாளர் அதை மேலே இருந்த கோப்பில் குண்டூசியால் குத்தி அனுப்பிவிட்டார். மேலே இருந்தது உன்னுடையது. அதை மேலே வைத்தவனும் நான்தான்.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். "வருஷம் பூரா புளுகிட்டு, இப்ப ஈ வந்துச்சுன்னா யாருய்யா நம்புவா?" என்றார். உன் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். இயக்குநரே குண்டூசியைப் பிடுங்கிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். நகல் எடுத்தவர்கள் பார்க்காத பின்பக்கம், என் தும்பிக்கை எழுத்தில்: 'மூக்கு நுனிவரை ஈ வந்துவிட்டது. அடுத்த தேநீரில் சர்க்கரையைக் குறைக்கவும்.' இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. 'தொலைநோக்கு' என்றுகூடச் சொல்லவில்லை.

உன் கோப்பு திறக்கப்பட்டுவிட்டது. திட்டத்தில் பதினான்காவது வரி நீதான். இருபதாம் தேதி காலை பூட்டோடு சோதனைக்கூடத்துக்கு வந்துவிடு. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. இனிமேல் நான் கையால் சீட்டு எழுதக் கூடாதாம்.

அக்காவின் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பு.

முதல் கடிதத்தில் அளந்ததை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கூட்டம் மூன்று மணி நேரம்தான். யாருக்கும் தாடி முளைக்கவில்லை. ஈயும் கழுகளவு இல்லை, மிளகளவுதான்.

ஆனால் வந்தது. அது மட்டும் உண்மை.

உன் மாமா