அப்பா மிதித்த புல்தரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை நீ அனுப்பும் படங்களிலேயே பார்த்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நீ உத்தரவிட்ட வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று தரகர் சொன்னாராம். நீயும் ஒரு பை விதையும் ஒரு வண்டி வீடியோவும் அனுப்பிவைத்தாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அந்த வீடியோக்களில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மண்வெட்டி பிடித்திருக்கும் அந்த ஆளின் சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. இங்கே மண்வெட்டியைப் போட்ட இடமெல்லாம் செங்கல் துண்டு, துருப்பிடித்த ஆணி, நீ சின்ன வயதில் தொலைத்துவிட்டு என்மேல் பழிபோட்ட சாவிக்கொத்து. கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, எரு கலந்து, வாரியால் இழுத்துச் சமமாக்கினேன். கொப்புளம் போட்ட உள்ளங்கையைப் படமெடுத்து அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினாய். உன் நிஜக் கட்டைவிரலில் என்றைக்காவது மண் பட்டிருக்கிறதா?

சமமாக்கிய மண்ணை மிதிக்க வேண்டும். உள்ளே பொலபொலவென்று இருந்தால் பிறகு ஆங்காங்கே பள்ளம் விழுந்துவிடும். குதிகாலை ஊன்றி, இடம் விடாமல் மிதித்து, மேல்மண்ணை மட்டும் லேசாகக் கிளறிவிட்டு விதைக்க வேண்டும். மிதிக்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா எழுந்தார்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாக்கரைத் தொட்டதில்லை. நீ அப்போதும் வரவில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. அப்படிப்பட்டவர் தானாகவே வாக்கரை இழுத்துக்கொண்டு வந்து மண்ணில் இறங்கிவிட்டார். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"பேத்தி ஓடி விளையாடுவா இல்ல? பள்ளமா இருந்தா கால் பிசகிடும்" என்றார்.

வீட்டை விற்று அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகும் விஷயத்தை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டதாக என்னிடம் அளந்தாயே, என்னதான் சொன்னாய்? அவரையே கேட்டேன். "வீட்டைக் கொஞ்சம் அழகு பண்றோம்பா" என்று சொன்னாயாம். அவ்வளவுதான். நீ குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறாய், அதற்குத்தான் புல் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஆயிரம் பேரை மேய்க்கிற அதிகாரியாம், பெற்ற தகப்பனிடம் ஒரு வாக்கியம் சொல்லத் துப்பில்லை. வெட்கமாக இருக்கிறது எனக்கு, உனக்கும் சேர்த்து.

அதோடு முடிந்ததா? நான் விதை தூவிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போயிருந்தேன். மிதித்தது போதாது என்று அப்பா மறுபடியும் இறங்கி, முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். வாக்கரின் நான்கு கால்களும் ஊன்றிய இடமெல்லாம் குழி. தண்ணீர் விட்டதும் விதையெல்லாம் உருண்டு அந்தக் குழிகளில் போய்ச் சேர்ந்தது. இப்போது புல் நான்கு நான்கு குடுமியாக முளைத்து நிற்கிறது. நடுவிலெல்லாம் மொட்டை. படம் அனுப்பு என்று நச்சரிக்கிறாய். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அனுப்பமாட்டேன்.

நேற்று தரகர் வந்து பார்த்துவிட்டு, வீடு வாங்க வருபவர்கள் சிரிப்பார்கள், மொத்தமாகக் கொத்திவிட்டு மறுபடி விதையுங்கள் என்றார். கடன் வாங்கிய கோட்டு மாதிரி தோளில் நிற்காத ஒரு கோட்டும், அதற்குமேல் ஒரு சிரிப்பும். உன் சிநேகிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தப்படி பின்னால் போனார். விற்கிறவனே வந்து கொத்தட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜன்னலில் இருந்த அப்பா, யாரது என்று கேட்டார். புல் பார்க்க வந்தவர் என்றேன். உன் பொய்க்கு நான் முட்டுக் கொடுத்தது அதுவே கடைசி.

தினமும் காலையில் அப்பா வாக்கரோடு புல்லின் ஓரமாகவே நடக்கிறார். மாடி அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்கிறார். உன் மகளுக்கு இருட்டென்றால் பயமா என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன பயம் என்று இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

எனக்காக நீ ஒன்றும் கவலைப்படுவதாகப் பாவனை செய்ய வேண்டாம். நான் எங்கேயாவது ஒண்டிக்கொள்வேன். ஆனால் அவரிடம் நான் சொல்லமாட்டேன், தரகரும் சொல்லக் கூடாது. நீ வர வேண்டும். மகளையும் அழைத்துக்கொண்டு வா. அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, உன் வாயாலேயே சொல்.

அந்த நேரத்தில் உனக்கு நாக்கு எழாமல் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சாபம் என்று நினைக்காதே, தம்பி. ஆசீர்வாதம்தான். நன்றாக இரு.

உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
அக்கா