எண்ணெய் படாத குழிகள்

மார்ச் 3, திங்கள்
திருப்பதி லேபில் இன்றும் கற்பூரவள்ளி எண்ணெய்தான். தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் சத்து நீரில் உயிருள்ள செல்கள். துளியிலும் துளி விட்டால் எண்ணெய் அவற்றைக் காக்கிறது. கொஞ்சம் கூடினால் கொன்றுவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்தத் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி இருக்கிறது. பிஎச்.டி. மறந்துபோகிறது.

மார்ச் 6
எண்ணெயே விடாத குழிகளிலும் செல்கள் செத்துக் கிடக்கின்றன. மூன்றாம் முறை. என் கைடு சுமித்ரா மேடம், "சத்து நீர் வைக்கிற பாட்டில் எல்லாம் யாரு கழுவறது, ரோஹிணி?" என்றார்.
"பச்சையம்மாள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இல்லை— "சோப்பு சரியா போகலபோல" என்றும் சொன்னேன்.

மார்ச் 10
பச்சையம்மாளை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக நகரியிலிருந்து ரயிலேறி வந்தவர். "மூணு தபா அலசறேனேம்மா, இன்னும் எத்தினி தபா அலசணும்?" என்று என்னிடம் கேட்டார். நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 14
புதுப் பாட்டில். நானே கழுவினேன். எண்ணெய் விடாத செல்கள் மறுபடியும் செத்திருக்கின்றன. அப்படியென்றால்?

மார்ச் 17
சித்தூர் பஸ். ஜன்னலில் மாந்தோப்புகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, பூ வாசனை. பாதி கனவில் இருந்தேன். முன்னால் ஓர் அம்மா தைலப் பாட்டிலைத் திறந்தார். மூன்று சீட் தள்ளி இருந்த எனக்குக் கண் எரிந்தது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன். எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போகாதா? நோட்டைப் புரட்டினேன். செத்தவை எல்லாம் அதிக எண்ணெய் விட்ட வரிசைக்குப் பக்கத்தில் இருந்தவை. தள்ளி இருந்தவை பிழைத்திருக்கின்றன. ஐயோ, பச்சையம்மாள்.

மார்ச் 20
தனித்தனித் தட்டுகளில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் விடாத செல்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மேடம் பூரித்துப்போனார். "பச்சையம்மாள்?" என்றேன். "அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சும்மா. விடு."

மார்ச் 22, சனி
நகரி. பச்சையம்மாள் ஒரு தறி வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.
"அப்போ நான் கழுவனது சுத்தமாத்தான் இருந்துச்சா?"
"இருந்தது."
"ஊரெல்லாம் வேற மாரி பேசிக்கினு கீறாங்க. இத ஒரு காயிதத்துல எழுதிக் குடு."

மார்ச் 24
'தவறு என்னுடையது' என்று எழுதினேன். மேடம் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தை மட்டும் போட்டு ஆபீசில் கொடுத்தேன். நகலைப் பச்சையம்மாளுக்கு அனுப்பினேன். சாயங்காலம் மேடம், வேறு கைடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான்கு வருஷ உழைப்பு.

மார்ச் 27
பச்சையம்மாள் போன். கடிதம் வந்துவிட்டதாம், பக்கத்து வீட்டுப் பெண்ணை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.
"உனக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?"
"ஒண்ணும் ஆகலம்மா" என்றேன்.